மாலை போதும், கணக்கு வேண்டும்!

சட்டமன்ற உறுப்பினர்கள் பலர் தங்கள் தொகுதி மக்களுக்கு அவ்வப்போது செய்தி மடல் வெளியிடுகிறார்கள். வழவழப்பான தாள், வண்ண வண்ணப் படங்கள், முகப்பிலே முழு உருவம், உள்ளே புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அதே முகம்! அச்சுக்கூலி வீண் என்று எண்ணுகிறவர்கள் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பி விடுகிறார்கள். ஆலைக்குப் புறப்படும் பாட்டாளித் தோழனின் சட்டைப் பைக்குள் சங்கு ஊதுவதற்கு முன்பே வந்து விழுகிறது, "உங்கள் தொகுதியில் இந்த வாரம்!"

வரவேற்கிறோம். வென்ற மறுநாளே மறைந்துவிட்டு, ஐந்தாண்டு கழித்துக் கூப்பிய கரத்தோடு மீண்டும் காட்சி தரும் கனவான்களை இந்த நாடு கண்டிருக்கிறது. அவர்களோடு ஒப்பிட்டால், வாரம் ஒருமுறையாவது வாக்காளரின் நினைவு வருகிறதே, அது நல்லதுதான். மக்களோடு பேச வேண்டும் என்ற எண்ணம் எங்கே எழுந்தாலும், எவருக்கு எழுந்தாலும், அதைப் பாராட்டுவதே நமது பண்பு.

ஆனால் தோழர்களே, அந்த மடலைச் சற்றே நிதானமாகப் படித்துப் பாருங்கள். திங்கட்கிழமை, காதணி விழாவில் வாழ்த்துரை. செவ்வாய்க்கிழமை, முன்னோடி ஒருவர் இல்லத்தில் துக்கம் விசாரிப்பு. புதன்கிழமை, பயணியர் நிழற்குடைக்கு அடிக்கல். வியாழக்கிழமை, கைப்பந்துப் போட்டிக்குக் கோப்பை. வெள்ளிக்கிழமை, மாவட்டத்திலிருந்து வந்த பெரியவருக்குப் பொன்னாடை. சனிக்கிழமை, அந்தப் பெரியவர் திருப்பிப் போர்த்திய பொன்னாடை. ஞாயிற்றுக்கிழமை, ஆறு நாளும் போர்த்தப்பட்ட பொன்னாடைகளின் தொகுப்புப் படம்!

அடிக்கல் நாட்டிய படம் இருக்கிறது. கட்டி முடித்த படம் எங்கே? கட்டியதற்கு ஆன செலவு எங்கே? கட்டாமல் விட்டதற்குக் காரணம் எங்கே? அதைத் தேடினால் தாள்தான் தேய்கிறது, தகவல் கிடைக்கவில்லை.

துக்கம் விசாரிப்பது குற்றமா என்று கேட்பார்கள். இல்லை, அது மனிதப் பண்பு. மணவிழாவுக்குச் செல்வது தவறா என்று கேட்பார்கள். இல்லை, அது உறவு. நாம் சொல்வது இதுதான்: உறவைக் காட்டுவது ஒன்று, ஒப்படைக்கப்பட்ட பொறுப்புக்குக் கணக்குக் காட்டுவது வேறொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைக்க முற்பட்டால், அந்த மடல் செய்தி மடல் அல்ல. செய்தியை மூடும் போர்வை!

*

யார் யாருக்குக் கணக்குச் சொல்வது? இந்தக் கேள்விக்குள்ளே இந்த நாட்டின் வரலாறே அடங்கிக் கிடக்கிறது.

ஜமீன்தார் கொலுவீற்றிருந்த காலத்தில் உழுதவன் கணக்குச் சொன்னான். எத்தனை கலம் விளைந்தது, எத்தனை கலம் அளந்தாய், மிச்சம் எங்கே என்று மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, களத்து மேட்டிலே கைகட்டி நின்று சொன்னான். மேலே இருந்தவன் கேட்டான், கீழே இருந்தவன் பதில் சொன்னான். மேலே இருந்தவனைக் கேட்க எவருமில்லை.

1920-ல் சென்னை மாகாணத்தில் தேர்தல் வந்தது, இரட்டை ஆட்சி முறையின்கீழ். நீதிக்கட்சி வென்று அமைச்சரவை அமைத்தது. பார்ப்பனரல்லாதாரின் நெடுங்கால வேட்கைக்கு அது ஒரு விடிவெள்ளி. ஆயினும் அன்று வாக்குச் சீட்டு வரி கட்டியவர் கையிலும் சொத்து வைத்திருந்தவர் கையிலும்தான் இருந்தது. உழுதவன் கையில் இல்லை. நெய்தவன் கையில் இல்லை. 1921-ல் அதே சட்டமன்றம், பெண் என்பதாலேயே வாக்குரிமை மறுக்கப்படும் கொடுமையை நீக்கியது. அப்போதும் ஏழைப் பெண் வெளியேதான் நின்றாள்.

1952-ல் நடந்த பொதுத் தேர்தலில்தான் வயது வந்த எவரும் வாக்களிக்கலாம் என்ற உரிமை செயலுக்கு வந்தது. மிராசுதாருக்கு ஒரு வாக்கு, அவர் வீட்டு மாட்டுக்குத் தவிடு கரைத்து ஊற்றியவனுக்கும் ஒரு வாக்கு! தராசின் இரு தட்டும் முதன்முறையாக நேராயின. அன்றைக்கே கணக்கின் திசையும் மாறிவிட்டது. கீழிருந்து மேலே சொல்லப்பட்ட கணக்கு, இனி மேலிருந்து கீழே சொல்லப்பட வேண்டும். கேட்டவன் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னவன் கேட்க வேண்டும்!

அந்த மாற்றம் சட்டத்தில் வந்துவிட்டது. சட்டமன்ற உறுப்பினரின் மடலில் வந்திருக்கிறதா? எண்ணிப் பாருங்கள்.

*

பழம்பெருமை பேசுவோர் உத்திரமேரூரைக் காட்டுவார்கள். காட்டட்டும், நாமும் பார்ப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் அவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராகப் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஜனநாயகம் எங்கள் மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தழைத்தது என்று மேடைதோறும் முழங்குகிறார்களே, அந்தக் குடவோலை முறை இதுதான்.

யாருடைய பெயர் அந்தக் குடத்துக்குள் போக முடிந்தது? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் ஓதி அறிந்திருக்க வேண்டும்! அரைக்கால் வேலிதான் இருக்கிறதா? ஒரு வேதத்தோடு அதன் விளக்கமும் கற்றிருந்தால் போதும் என்று சலுகை! அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. அந்த ஊரின் ஏரியைத் தூர் வாரிய தோள்களுக்குச் சொந்தக்காரன் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவில்லை. ஆகவே அதைப் பார்த்து நாம் மெய்சிலிர்த்து நிற்கப் போவதில்லை.

ஆனால் அதே கல்லில் ஒரு விதி வெட்டப்பட்டிருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது என்பது அந்த விதி. அவர் மட்டுமா? அவருடைய தந்தை, மகன், சகோதரன், மாமன், மைத்துனன், மருமகன் என்று உறவுமுறைகளை வரிசையாக அடுக்கி, இவர்களில் எவர் பெயரையும் எழுதக்கூடாது என்று கல்லில் அடித்து வைத்திருக்கிறார்கள்!

வேதம் ஓதியவனுக்கும் விலக்கில்லை. கணக்குக் காட்டாதவன் வீட்டு மைத்துனனுக்கும் இடமில்லை. அந்த ஊரின் வாசலை நாம் ஏற்க மாட்டோம், அது பலருக்கு மூடிக் கிடந்த வாசல். ஆனால் அந்தக் கணக்கு விதியை ஏற்போம். வாசலை எல்லோருக்கும் திறந்துவிட்ட நாம், விதியை மட்டும் விட்டுவிட்டால் பழமைவாதி நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டானா?

*

நமது இயக்கத்துக்கு இது புதுப் பாடமும் அல்ல.

1957-ல் கழகம் முதன்முதலாகத் தேர்தல் களம் கண்டது. 205 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் 15 பேர். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணா, குளித்தலையிலிருந்து கலைஞர். பதினைந்து பேர் என்ன செய்துவிட முடியும் என்று ஆளுங்கட்சி வரிசையில் ஏளனம் செய்தவர்கள் உண்டு. கலைஞர் அந்த மன்றத்தில் நங்கவரம் பண்ணை உழவர்களின் துயரைத்தான் எடுத்துரைத்தார். தொகுதியின் வயலில் இருந்த குரல் கோட்டைக்குள் கேட்டது. சட்டமன்ற உறுப்பினர் என்பவர் யாருடைய வாய் என்பதற்கு அதுவே விளக்கம்.

அண்ணா என்ன செய்தார்? 1955-லிருந்து 'திராவிட நாடு' இதழில் தம்பிக்குக் கடிதம் எழுதினார். 1957-ல் சட்டமன்றம் சென்ற பிறகும் எழுதினார். 1962-ல் காஞ்சிபுரத்தில் தோல்வி கண்டு, மாநிலங்களவைக்குச் சென்ற பிறகும் எழுதினார். வெற்றி வந்தபோது மட்டும் பேசுவேன், தோல்வி வந்தால் வாய் மூடுவேன் என்றிருக்கவில்லை. மன்றத்திலே நடப்பது என்ன, மாற்றார் சொல்வது என்ன, அதற்கு நமது விடை என்ன என்று தறியடியில் இருந்த தம்பிக்கும் புரியும் தமிழில் எடுத்துச் சொன்னார். படிப்பகத்தில் ஒருவர் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். எழுத்தறியாதவனும் அரசியல் அறிந்தான்.

அந்தக் கடிதங்களிலே அண்ணாவின் புகைப்படம் எத்தனை என்று எவரும் எண்ணவில்லை. எண்ணங்கள் எத்தனை என்றே எண்ணினார்கள்!

*

இனி நடைமுறைக்கு வருவோம். கணக்கு என்றால் எதன் கணக்கு?

சட்டமன்ற உறுப்பினர் சாலை போடும் மேஸ்திரி அல்ல. சாக்கடை அடைப்பு எடுக்கும் பணியாளரின் மேலாளரும் அல்ல. அவருக்கென்று மூன்று பெரும் பணிகள் உண்டு. சட்டம் செய்வது முதல் பணி. அரசின் வரவு செலவைத் துறை துறையாக, மானியக் கோரிக்கை மானியக் கோரிக்கையாக ஆராய்ந்து ஒப்புதல் தருவது இரண்டாவது. அமைச்சரைக் கேள்வி கேட்பது மூன்றாவது. ஆகவே அவருடைய கணக்கின் முதல் பக்கம் கோட்டைக்குள் நடந்ததாக இருக்க வேண்டும். மன்றம் கூடிய நாள்கள் எத்தனை, அவர் இருந்த நாள்கள் எத்தனை? தொகுதிக்காகக் கேட்ட கேள்விகள் யாவை, அமைச்சர் தந்த விடை யாது? எந்தச் சட்ட முன்வடிவை ஆதரித்தார், எதை எதிர்த்தார், ஏன்? இதைச் சொல்லாத மடல் தலையில்லாத உடல்.

இரண்டாம் பக்கம் பணக் கணக்கு. இங்கேதான் பாட்டாளித் தோழன் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1997-98-ல் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 1993-லேயே இப்படியொரு திட்டம் வந்திருந்தது. தமிழ்நாட்டுத் திட்டத்தின் தொகை படிப்படியாக உயர்ந்து, தொகுதி ஒன்றுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்ற அளவை எட்டியது. அந்த அளவில் கணக்கிட்டால், 234 தொகுதிக்கும் சேர்த்து ஆண்டுக்கு 702 கோடி. ஒரு தொகுதிக்கு ஐந்தாண்டில் 15 கோடி!

இந்தப் பணம் சட்டமன்ற உறுப்பினரின் பையில் போய் விழுவதல்ல. எதிரிகள் அப்படித்தான் திண்ணையில் பேசுவார்கள், அது அறியாமை. உறுப்பினர் செய்வது பரிந்துரை. இந்தத் தெருவுக்குச் சாலை, இந்தப் பள்ளிக்கு வகுப்பறை, இந்த ஊருக்குக் குடிநீர்த் தொட்டி என்று எழுதித் தருவார். பொறியாளர் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார். மாவட்ட ஆட்சித் தலைவர் நிர்வாக அனுமதி தருவார். ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். வேலை நடக்கும், நடந்த வேலையை அளந்து எம்.புக்கில் பதிவார்கள், அந்த அளவின்படி பில் பாஸாகும்.

இத்தனை படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு தாள். ஒவ்வொரு தாளிலும் ஒரு தேதி, ஒரு தொகை. ஆகவே கணக்குச் சொல்ல முடியாது என்பதற்கு இங்கே இடமே இல்லை. கணக்கு எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. அலுவலகத்து அலமாரியில் உறங்குகிறது, அவ்வளவே! அதைத் தட்டி எழுப்பித் தெருவுக்கு அழைத்து வருவதுதான் மடலின் வேலை.

எடுத்துக்காட்டாக ஒரு தெருவுக்குச் சிமெண்டுச் சாலை என்று வைத்துக்கொள்வோம். "மாண்புமிகு உறுப்பினரின் சீரிய முயற்சியால் சிறப்பான சாலை" என்று எழுதினால் அதனால் தெருவாசிக்கு என்ன தெரியும்? நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, கனம் இவ்வளவு, தொகை இவ்வளவு, தொடங்கிய நாள் இது, முடிய வேண்டிய நாள் இது என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தெருவிலே கொத்தனார் ஒருவர் இருப்பார், சித்தாள் ஒருவர் இருப்பார். சிமெண்டும் ஜல்லியும் எந்த விகிதத்தில் விழுகிறது என்பதை அவர்களைவிட எந்த அதிகாரி அறிவார்? அவர்கள் முழக்கோல் எடுத்து வந்து அளப்பார்கள். ஆறங்குலம் என்று எழுதியது நாலங்குலமாக இருந்தால், அன்று மாலையே தெரிந்துவிடும். கூலியில்லாத மேற்பார்வையாளர் தெருவெங்கும் கிடைப்பார்கள்!

மூன்றாம் பக்கம்தான் மிகக் கடினமான பக்கம். கேட்டும் கிடைக்காதவை, தொடங்கியும் முடியாதவை. அரசு மருத்துவமனைக்கு மருத்துவர் கேட்டோம், இன்னும் வரவில்லை, காரணம் இது, மீண்டும் எழுதிய நாள் இது. இப்படி ஒரு பக்கம் வந்தால் மக்கள் கோபப்படுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள், மக்களை அறியாதவர்கள். முடியவில்லை என்று சொன்னவரை மக்கள் மன்னிப்பார்கள். முடித்துவிட்டேன் என்று பொய் சொன்னவரை மன்னிக்கவே மாட்டார்கள்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், கட்சி வேறுபாடு பாராமல் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார். தொகுதியில் நீண்டகாலமாக நிறைவேறாமல் கிடக்கும் கோரிக்கைகளில் முக்கியமான பத்தைப் பட்டியலிட்டுத் தாருங்கள் என்றார். நல்ல முயற்சி. தோழனே, உன் தொகுதியின் அந்தப் பத்து எவை என்று உனக்குத் தெரியுமா? அவற்றில் எத்தனை நிறைவேறின, எத்தனை நின்றுபோயின என்று உனக்கு எவராவது சொன்னார்களா? பத்தும் தெரிந்தவன் இருந்தால், அந்தத் தொகுதி உறுப்பினர் கணக்குச் சொல்பவர். ஒன்றும் தெரியாவிட்டால், அவர் பொன்னாடை போர்த்துபவர்!

*

மறுப்புகள் வரும். வரட்டும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"நம் குறையை நாமே அச்சிட்டுக் கொடுத்தால், எதிரி அதையே ஆயுதமாக்குவானே" என்பது ஒரு மறுப்பு. எதிரிக்கு ஆயுதம் தருவது குறையை மறைத்து வைத்த இரும்புப் பெட்டிதான். பெட்டிக்குள் இருக்கும் வரையில் அவன் ஒன்றைப் பத்தாக்குவான், பத்தை நூறாக்குவான். நாமே எடுத்து வெளியே வைத்துவிட்டால், ஒன்று ஒன்றாகவே இருக்கும்.

"மக்கள் இதையெல்லாம் கேட்பதில்லை; கல்யாணத்துக்கு வந்தாரா, கருமாதிக்கு வந்தாரா என்றுதான் பார்க்கிறார்கள்" என்பது இன்னொன்று. கேட்கத் தெரியாதவன் என்று மக்களைச் சொல்வது பழைய பாட்டு. 1920-ல் சொத்தில்லாதவனுக்கு வாக்கில்லை என்றவர்கள் பாடிய பாட்டு. மாதக் கடைசியில் சம்பளக் கவரைப் பிரித்து, ஓவர்டைம் இரண்டு மணி நேரம் குறைகிறது என்று விரல்விட்டு எண்ணிச் சொல்பவனுக்கா கணக்குத் தெரியாது? பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு என்று ஒரு பைசா பிசகாமல் மனத்திலே வைத்திருக்கும் தாய்மாருக்கா தெரியாது? அவர்களிடம் கணக்கைக் காட்டிய பிறகு பேசுங்கள், கேட்கிறார்களா இல்லையா என்று!

"உறுப்பினருக்கு நேரமேது" என்பது மூன்றாவது. 2017-ல் சட்டமன்ற உறுப்பினரின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதைக் குறை கூறுவதற்காக இங்கே சொல்லவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையும் சட்டமன்றம் போக வேண்டுமானால் ஊதியம் இருக்கத்தான் வேண்டும். ஊதியமில்லாத மன்றம் சீமான்களின் சங்கமாகிவிடும். ஆனால் கூலி வாங்கியவன் செய்த வேலையைச் சொல்வது தொழிலாளர் அறிந்த நீதி. மில்லில் ஒவ்வொரு ஷிப்டும் முடியும்போது எத்தனை கிலோ நூல் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் தொழிலாளி வெளியே வருகிறான். கோட்டைக்குப் போனவருக்கு மட்டும் அந்த நீதி இல்லையா?

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். தேர்ந்தெடுத்தவரை இடையிலே திரும்ப அழைக்கும் உரிமை, சட்டமன்ற உறுப்பினர் விஷயத்தில் நம் நாட்டில் இல்லை. ஒருமுறை முத்திரை விழுந்தால் மன்றம் கலையும் வரை அவர்தான். ஐந்தாண்டுக் காலம் வாக்காளன் கையில் இருக்கும் ஒரே கடிவாளம் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தீனி கணக்கு. அதையும் தராவிட்டால், மக்களாட்சி என்பது ஐந்தாண்டுக்கு ஒரு நாள் திருவிழா. மற்ற நாளெல்லாம் பழைய தர்பார்!

*

இப்போது கழகத் தோழனுக்கு ஒரு வார்த்தை. சற்றுக் கசப்பான வார்த்தை.

கொடி கட்டினாய், சுவரெழுத்து எழுதினாய், பூத்திலே பட்டினியோடு அமர்ந்திருந்தாய். உன் வியர்வையில்தான் அவர் வென்றார். அவரிடம் கேள்வி கேட்க உன்னைவிட உரிமை படைத்தவன் எவன்? ஆனாலும் நீ கேட்பதில்லை. ஏன்? தங்கைக்கு அங்கன்வாடியில் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டும். தம்பிக்கு இடமாற்றம் வேண்டும். சிறு பாலம் ஒன்றின் ஒப்பந்தம் கிடைத்தால் தேவலை. வேண்டுகோள் கையில் இருக்கும்போது கேள்வி வாயில் வராது, இது மனித இயல்பு. ஆயினும் எண்ணிப் பார்! கேள்வி கேட்க வேண்டியவனே ஒப்பந்தக்காரன் ஆகிவிட்டால், சாலையின் கனத்தை அளப்பவன் யார்? கிளைச் செயலாளரே பில்லுக்குக் காத்திருந்தால், "அளவு குறைகிறதே" என்று எழுந்து நிற்பவன் யார்? அப்போது மக்கள் நம்மைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுவார்கள், பேசாமலே முடிவெடுப்பார்கள்.

மாற்றார் தொகுதியில் கணக்குக் கேட்பது எளிது, அதற்குத் துணிவு வேண்டியதில்லை. நம் தொகுதியில், நாம் தோளில் தூக்கி வந்தவரிடம், மரியாதையோடு, மாறாத அன்போடு, "அண்ணே, இந்தக் காலாண்டுக் கணக்கு எப்போது வரும்?" என்று கேட்பதுதான் இயக்கத்தவனின் துணிவு. அவர் நல்லவரானால் மகிழ்வார். அவருக்கே அது பலம். முகம் சுளித்தால், அப்போதுதான் நீ இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

கேட்டும் கிடைக்கவில்லையா? சட்டம் இருக்கிறது. தகவல் பெறும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் செய்த மாநிலம் தமிழ்நாடு, 1997-ல், கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது. பிறகு 2005-ல் நாடு முழுவதற்கும் மத்தியச் சட்டம் வந்தது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு வெள்ளைத் தாள் போதும்; ஆட்சியர் அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் விடை தர வேண்டும். தொகுதி மேம்பாட்டுப் பணிகளின் பட்டியல், தொகை, நிலை, முடிந்த நாள் என்று எல்லாவற்றையும் கேட்கலாம். ஒரு கோப்பை தேநீர் விலைக்கு ஒரு தொகுதியின் கணக்கு! இதைவிட மலிவான புரட்சி உலகில் உண்டா?

கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு முறை என்றிருந்தது, ஆறு முறை கூடும் என 2022-ல் அறிவிக்கப்பட்டது. குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தியார் பிறந்த நாள் ஆகியவற்றோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1. அது ஊராட்சியின் மன்றம். சட்டமன்ற உறுப்பினருக்காகக் கூட்டப்படுவதல்ல. ஆனால் அவர் நிதியில் நடந்த வேலை அந்த ஊர் மண்ணில்தானே நடந்தது? ஊரார் கூடிய இடத்தில் அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினால் யார் தடுக்கப் போகிறார்கள்?

*

ஆகவே, எல்லாத் தொகுதிகளின் உறுப்பினர்களுக்கும், ஆளும் வரிசையானாலும் எதிர் வரிசையானாலும், நம்மவரானால் முதலிலும், மாற்றாரானால் அடுத்தும், நாம் வைக்கும் வேண்டுகோள் இது.

வழவழப்புத் தாள் வேண்டாம். நியூஸ் பிரிண்ட் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு தாள் போதும். ஒரு பக்கம் மன்றத்தில் ஆற்றிய பணி. மறுபக்கம் தொகுதியில் நடந்த வேலை. வேலையின் பெயர், இடம், தொகை, இன்றைய நிலை என்று நான்கு பத்தி. கீழே, கிடைக்காதவை, கிடைக்காத காரணம். முகம் வேண்டுமானால் மூலையில் ஒரு சிறு படம் இருக்கட்டும், ஆளை அடையாளம் தெரிய வேண்டுமல்லவா!

அதை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள்; தேநீர்க் கடையில், முடிதிருத்தகத்தில், பேருந்து நிறுத்தத்தில் ஒட்டுங்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட தெருவில் முதலில் ஒட்டுங்கள்; கடைசியில் எல்லாம் போய்ச் சேர்ந்த இடத்துக்குக் கணக்காவது முதலில் போகட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானாலும் இதையே அனுப்புங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்குக் கிளைக் கழகத் தோழன் படித்துக் காட்டட்டும். அன்று படிப்பகத்தில் ஒருவன் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்களே, அந்தப் பழக்கம் மீண்டும் தளிர்க்கட்டும். அப்போது வரும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு அவன் தொகுதி அலுவலகத்துக்குப் போகட்டும். அடுத்த தாளில் அந்தக் கேள்விக்கு விடை வரட்டும். போகும் செய்தியும் வரும் கேள்வியுமாக இருவழிப் பாதை ஆனால்தான் அதற்குச் செய்தி மடல் என்று பெயர். ஒருவழியானால் அது விளம்பரம்.

இதனால் ஒரே நாளில் பாலாறும் தேனாறும் ஓடிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஏமாற்ற நினைப்பவன் கணக்கிலும் ஏமாற்றுவான். ஆனால் எழுதிக் கொடுத்த பொய்யை அளந்து பார்க்கலாம். எழுதாமல் விட்டதை எதை வைத்து அளப்பது?

களத்து மேட்டில் கைகட்டிக் கணக்குச் சொன்னவனின் பேரன் இன்று வாக்காளன். அவன் வாசலுக்குக் கணக்கோடு போவது சட்டமன்ற உறுப்பினருக்கு இழிவல்ல. அவர் வகிக்கும் பதவிக்கு அதுவே பெருமை. கழுத்தில் விழுந்த மாலை மறுநாள் வாடிவிடும். தெருச் சுவரில் ஒட்டிய கணக்கு அடுத்த தேர்தல் வரை நின்று அவருக்காகப் பேசும். சரியான கணக்கானால், அவர் பேச வேண்டிய அவசியமே இராது!